மாலையைக் கழற்றிய பிறகு

பண்பொழி, மேக்கரை, செங்கோட்டை வட்டாரத்தில் குடியை நிறுத்த நினைப்பவர் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி அல்ல, கோயில். பண்பொழியிலேயே மலைமேல் திருமலைக் குமாரசாமி இருக்கிறார். மேற்கே மலையைத் தாண்டினால் அச்சன்கோவில், ஆரியங்காவு, குளத்துப்புழை என்று ஐயப்பன் கோயில்கள். கார்த்திகை முதல் தேதி கழுத்தில் துளசி மாலை ஏறிவிட்டால், முந்தின நாள்வரை வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூட 'சாமி' என்கிறார்கள். கருப்பு வேட்டியோடு டாஸ்மாக் பக்கம் ஒதுங்க முடியாது. ஒதுங்கினால் அவருக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும். எந்தச் சிகிச்சை மையத்தாலும் ஒரு நோயாளிமேல் இத்தனை கண்களை வைக்க முடியாது. அந்த வகையில் மாலை போடுவது லேசான ஏற்பாடு அல்ல.

சிக்கல் 41 நாள் விரதம் முடிந்தபின் வருகிறது.

மாலையைக் கழற்றிய வாரத்திலேயே கடைக்குப் போனவரைப் பற்றி ஊர் சொல்லும் தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மன உறுதி இல்லாதவன். ஆனால் அந்த 41 நாளும் அவர் உடம்பு என்ன பாடுபட்டது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு தட்டியது, உள்ளங்கால் எரிந்தது, காலையில் வாய் கசந்தது, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. விரதம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நாள் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. "குடிச்சப்போ இருந்த தெம்புகூட இப்ப இல்லியே" என்ற நினைப்பு அவரை ஒரு குவார்ட்டருக்குக் கூட்டிப்போனது. மண்டலக் கணக்கு 41 நாளில் முடியும். உடம்பின் கணக்கில் சில தொந்தரவு ஐந்து நாளில் தீரும், சிலது ஐந்து வாரம், சிலது ஒரு வருஷத்தையும் தாண்டும். எது எவ்வளவு நாள், எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு ஓடவேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. எடையில் சொன்னால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். தினம் இரண்டு குவார்ட்டர் போடுகிறவர் 120 கிராம் உள்ளே தள்ளுகிறார். ஆல்கஹால் மூளையின் வேகத்தைக் குறைக்கும் சரக்கு. நாள்தோறும் இப்படி அழுத்தினால் மூளை சும்மா இருக்காது. தன்னுடைய கிளர்ச்சியைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். புளியரை மலைப்பாதையில் ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்தபடி லாரி ஓட்டுவது போல. ஒருநாள் பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்தால் என்ன ஆகும்? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அந்த வேகம்தான். அது தணிய நாளாகும்.

முதல் ஐந்து நாள்: இது பொறுக்கும் விஷயம் அல்ல

நீடிக்கும் தொந்தரவுகளைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்தவர், அதிலும் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் மாலையைப் போட்டு அன்றோடு நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடி முடிந்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்; இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார்கள், காய்ச்சலும் வியர்வையுமாகத் துடிப்பார்கள். சாமி வந்துவிட்டது என்றோ பேய் பிடித்துவிட்டது என்றோ வீட்டார் நினைக்கும் நேரம் அதுதான். அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலை. மருத்துவமனையில் சேர்த்தால் குளோர்டயாசிபாக்சைடு, லோராசிபாம் போன்ற மருந்துகளை ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து இதைக் கடக்க வைக்கிறார்கள். மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் விரதத்துக்கும் குறை வராது, உயிருக்கும் குறை வராது. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு கூடுதல்.

திடீர் நிறுத்தம் என்ன செய்யும் என்பதை இந்தப் பகுதி 2020-இல் பக்கத்திலேயே பார்த்தது. ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் தற்கொலைகளும் வலிப்பும் வந்து, மார்ச் 30 அன்று அரசு ஓர் உத்தரவு போட்டது: மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம். டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. தடுத்தது சரியே. மது நோய்க்கு மதுவைச் சீட்டில் எழுதுவது வைத்தியம் ஆகாது. ஆனால் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்த பயம் பொய்யல்ல.

பத்தாம் நாளுக்குப் பின்

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் குடியை விட்டார். ஜூன் 10 அன்று காலை அவருக்கு ஒரு அறுவைச் சிகிச்சை இருந்தது. கை நடுங்கியது. கூட இருந்த பில் வில்சன், கை நிற்பதற்காக ஒரு பீர் கொடுத்தார். அதுவே ஸ்மித்தின் கடைசிக் குடி. அந்தத் தேதியைத்தான், அவர்கள் இருவரும் தொடங்கிய, குடியை விட்டவர்களின் கூட்டமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் குடியிலிருந்து மீட்ட அந்த மனிதருக்கு, குடிக்கும் வேட்கை முதல் இரண்டரை ஆண்டுகள் அவ்வளவாகத் தணியவில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 41 நாளில் தணியவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்பவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்படி நீளும் தொந்தரவுகளைத் தனி நோயாக மனநல மருத்துவக் கையேடுகள் பட்டியலிடவில்லை. எது மதுவை விட்டதால் வருவது, எது மது ஏற்கெனவே செய்துவைத்த சேதம், எது மதுவுக்கு அடியில் ஒளிந்திருந்த வேறு நோய் என்று பிரிப்பது மருத்துவர்களுக்கே எளிதல்ல. எனவே 'எல்லாம் குடியை விட்டதால்தான்' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடக் கூடாது.

தூக்கம்

குடியை விட்டவர்களில் அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான், மறுபடி கடைக்கு இழுப்பதிலும் இதற்கு முக்கிய இடம். மது படுத்த உடனே தூங்க வைக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கிழித்துவிடும். வருஷக்கணக்கில் அப்படித் தூங்கிப் பழகிய மூளை, மது நின்றதும் ஆழ்ந்த உறக்கத்துக்குத் திரும்ப மாதங்கள் எடுத்துக்கொள்ளும். அடக்கி வைக்கப்பட்டிருந்த கனவுத் தூக்கம் பொங்கி வருவதால் முதல் வாரங்களில் கனவுகள் கண்முன் நடப்பது போல இருக்கும். குடிப்பது போலவே கனவு வரும். விடிகாலையில் எழுந்து, உண்மையிலேயே குடித்துவிட்டோமோ என்று வாயை ஊதி மோந்து பார்ப்பவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கனவு தோல்வியின் அறிகுறி அல்ல. அனேகருக்கு வருவது, போகப்போக அருகிவிடும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. பகல் தூக்கம் வேண்டாம். முடியவில்லை என்றால் மதியம் அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. குடியை விட்டவர்கள் டீயைப் பிடித்துக்கொள்வது வழக்கம், நாளைக்கு எட்டுப் பத்து கிளாஸ் போகும். மதியம் மூன்று மணிக்கு மேல் டீ, காபி நிறுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே குறைகிறது. இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரவில்லையா, எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது வந்து படுக்கலாம். படுக்கையில் கிடந்து கடிகாரத்தைப் பார்ப்பதுதான் மோசம்.

தூக்க மாத்திரை விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். மெடிக்கலில் பழக்கமான தம்பியிடம் சொல்லி 'சின்ன மாத்திரை' ஒன்று வாங்கிப் போடுவது பலர் செய்வது. அல்ப்ரசோலாம் போன்றவை மூளையில் மது போய்ப் பிடிக்கும் அதே இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஒரு பழக்கம் போய் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்தும். முதல் வாரத்தில் டாக்டர் எண்ணிக் கொடுப்பது வேறு, மூன்றாம் மாதத்தில் சீட்டில்லாமல் வாங்குவது வேறு. ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் சொன்னால் பழக்கமாகாத மருந்துகள் இருக்கின்றன. குறட்டை பலமாக, மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் அதையும் மனைவி சொல்ல வேண்டும். அது வேறு நோய், வேறு வைத்தியம்.

கால்

உள்ளங்காலில் எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு, செருப்பு நழுவினாலும் தெரியாத மரப்பு. நெடுநாள் குடித்தவரின் நரம்பு நுனிகள், அதிலும் நீளமான கால் நரம்புகள், முதலில் கெடுகின்றன. மதுவின் நேரடி நஞ்சும் காரணம், தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாமல் போனதும் காரணம். குடித்துக்கொண்டிருந்தபோது போதையில் தெரியாத எரிச்சல், விட்டபின் ராத்திரி நேரத்தில் பளிச்சென்று தெரிகிறது. அதனால் 'விட்டதால்தான் வந்தது' என்று தோன்றும். அது தப்பு. குடியை விட்டு, சத்து சேர்ந்தால் எரிச்சல் மெதுவாகக் குறையும். மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. முற்றிப்போன மரப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ரத்தத்தில் சர்க்கரையையும் பி12-ஐயும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நீரிழிவும் இதே எரிச்சலைத் தரும்.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. வெறுங்காலோடு நடப்பது இங்கே பக்தி, வயலில் அது தொழில். மதமதப்புள்ள காலோடு மதிய வெயிலில் திருமலைப் படி ஏறினால் கல் சுட்டுக் கொப்புளம் வந்தது தெரியாது. சபரிமலைப் பாதையில் முள் ஏறியது தெரியாது. வரப்பில் கண்ணாடித் துண்டு கிழித்தது தெரியாது. வேண்டுதலைக் காலை விடியும்முன் வைத்துக்கொள்ளலாம். தினம் இரவு உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாதவருக்கு வீட்டார் பார்க்கலாம். வெந்நீர் ஒத்தடம் என்றால் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். எரிச்சலுக்கென்றே டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அதற்கு வேலை செய்யாது, இரைப்பையைத்தான் புண்ணாக்கும்.

ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிப்பதும் இந்த மாதங்களில் சகஜம். நன்றாக நீர் குடிப்பதும், படுக்கும் முன் காலை நீட்டி விரலைத் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பதும் பெரும்பாலும் போதும்.

சோறும் பி1-உம்

தயமின் கதை நெல் விளையும் ஊருக்குச் சொந்தமான கதை. ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் 1890-களில் கண்டார். 1929-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். தீட்டிய பச்சரிசியைவிட நெல்லை அவித்து எடுக்கும் புழுங்கல் அரிசியில் பி1 கூடுதலாகத் தங்குகிறது. வடித்துக் கொட்டும் கஞ்சியோடு ஒரு பங்கு போய்விடுகிறது. திருநெல்வேலிச் சமையலில் தொலி உளுந்து போட்டு ஆக்கும் உளுந்தம்பருப்புச் சோறும், எள்ளுத் துவையலும், அவித்த நிலக்கடலையும், சிறுபயறும் இந்த நேரத்துக்குத் தோதான சாப்பாடு. 

ஆனால் சாப்பாடு மட்டும் போதாது. குடித்தவரின் குடல் பி1-ஐச் சரியாக உறிஞ்சாது, கல்லீரல் சேமித்தும் வைக்காது. அதனால்தான் முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். பி1 மிகக் குறைந்தால் மூளையையே தாக்கும்: நடை தள்ளாடும், கண் பார்வை இரட்டையாகும், குழப்பம் வரும். வெர்னிக்கே என்ற ஜெர்மானியர் 1881-இல் விவரித்த நிலை அது. கவனிக்காவிட்டால் நினைவு நிரந்தரமாகப் போகும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. உடம்பு அசதி என்றால் கிளினிக்கில் படுத்து 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு' வருவது நம் ஊர் வைத்தியம். பி1 வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், அதை எரிக்க இருக்கிற கொஞ்சம் பி1-உம் செலவாகி மேற்சொன்ன மூளைப் பாதிப்பு கிளம்பலாம். ஊசி போடுபவரிடம், "ரொம்ப வருஷம் குடிச்சவர், இப்ப விட்டிருக்காரு, பி1 ஊசி சேத்துப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வீட்டார் வெட்கப்படக் கூடாது.

இனிப்பு ஆசை பலரைத் திடுக்கிட வைக்கிறது. முன்பு மிக்சரும் ஊறுகாயும் தேடியவர் அல்வாக் கடையில் நிற்பார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் ஆரம்பம் முதலே சட்டைப் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. சர்க்கரை நோய் இல்லாதவர் சாயங்காலம் ஏழு மணி வேட்கைக்கு ஒரு துண்டு கருப்பட்டியோ கடலைமிட்டாயோ வாயில் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும். குடி நின்றதும் மாத்திரை அளவே மாற வேண்டியிருக்கலாம்.

டானிக் பாட்டிலில் ஒளிந்திருப்பது

எல்லைப்புறம் என்பதால் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கேரள வைத்தியசாலைகளின் அரிஷ்டங்களுக்கு மதிப்பு அதிகம். பசியின்மை, அசதி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தசமூலாரிஷ்டம் ஒரு பாட்டில் வாங்கி வருவார்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்யப்படுபவை. தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும், லேபிளிலேயே போட்டிருக்கும். 450 மில்லி பாட்டிலை ஒருவர் முழுதாகக் குடித்தால் ஒரு பெரிய பீர் குடித்த கணக்கு. வைத்தியர் சொல்லும் அளவு சில மூடிதான் என்றாலும், விட்டவருக்கு அந்த வாசனையும் தொண்டைச் சூடும் போதும். சில இருமல் மருந்துகளும் ஹோமியோபதி திரவங்களும் இதே வகை. டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர் இவற்றைத் தொடவே கூடாது. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது கொஞ்சம் ஆல்கஹால் சேர்ந்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு இடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து நீடிக்கும். 'குடி மறக்கப் பொடி' என்று சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பது இதைவிடக் கொடுமை. எவ்வளவு அன்பில் செய்தாலும் அது விஷம் வைப்பதற்குச் சமம்.

வயிறு, நெஞ்சு, கல்லீரல்

நெஞ்சுக்கரிப்பும் வயிற்றுப் பொருமலும் சில வாரங்களில் அடங்கும். காரத்தையும் வெறும் வயிற்று டீயையும் குறைத்தால் சீக்கிரம் அடங்கும். படபடப்பும் கூடிய ரத்த அழுத்தமும் பலருக்கு ஒரு மாதத்துக்குள் இறங்கிவிடுவதால், முதல் வாரத்து அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது; நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏற்கெனவே போடும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

கை நடுக்கம் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். அதன்பிறகும் தம்ளர் தளும்பினால் டீயின் எண்ணிக்கையையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

கல்லீரலில் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால் மது நின்ற சில வாரங்களில் கரையத் தொடங்கும். தழும்பு விழுந்து சுருங்கிவிட்டால் திரும்பாது, ஆனால் மேற்கொண்டு கெடுவது தணியும். ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற அளவு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். தான் தேறுவதைக் காகிதத்தில் பார்ப்பது சிலருக்குப் பெரிய ஊக்கம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மஞ்சள் காமாலையில் தானாகத் தீரும் வகை உண்டு, குடியால் வந்தது அந்த வகை அல்ல. உடம்புவலிக்குப் பாராசிட்டமால் போடுவதானால் ஒரு நாளில் இரண்டு கிராமைத் தாண்டக்கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரையில் மூன்று. கல்லீரல் கெட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதுவும் கூடாது.

ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்று, தாம்பத்தியத்தில் தளர்ச்சி. நெடுநாள் மது ஹார்மோனையும் நரம்பையும் கெடுப்பதால் வருவது, பலருக்குச் சில மாதங்களில் மீள்கிறது. இதற்காக லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் 'பரம்பரை வைத்தியரிடம்' பணத்தைக் கொட்டாமல் இருந்தாலே பாதி லாபம்.

அருவிக்குப் போகலாமா

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டினால் பித்தம் தெளியும், புத்தி தெளியும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. மனநலம் குன்றியவர்களை அழைத்துவந்து குளிப்பாட்டும் வழக்கமும் இருந்தது. குடியை விட்ட முதல் பத்து நாளுக்கு அருவி வேண்டாம். வலிப்பு வரக்கூடிய நேரத்தில் வழுக்குப் பாறையில் நிற்பது, பேரருவியானாலும் ஐந்தருவியானாலும், ஆபத்து. கால் மரத்தவர் அதன் பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நாள் கடந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தடை ஏதுமில்லை.

அருவியைவிட அருவிக்கு வருகிறவர்களால்தான் தொல்லை. சீசன் என்றால் வெளியூர் உறவுக்காரர்களும் கூட்டாளிகளும் வண்டி பிடித்து வருவார்கள். உள்ளூர்க்காரர் என்பதால் பாட்டிலுக்கும் பரோட்டாவுக்கும் இவர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். "டாக்டர் கல்லீரலுக்கு மருந்து குடுத்திருக்காரு மச்சான், தொட்டா ஆளு காலி" என்ற பதில் இங்கே செல்லுபடியாகிறது. அதிகாலையில் கூட்டமில்லாதபோது தனியாகப் போய்க் குளித்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

யாரிடம் போவது

இதையெல்லாம் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பின்னர் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுபோனது. தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில் 15 நாள் முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்கார வைத்துச் செய்தார்கள். 1994-இல் அந்த அனுபவத்தை அவர் சர்வதேச ஆய்விதழில் எழுதினார். முகாம் முடிந்தபின் ஊரே நோயாளியைத் தொடர்ந்து கவனித்துக்கொள்வது அந்த ஏற்பாட்டின் முக்கியப் பகுதி. பண்பொழியில் மாலை போட்டவரைச் சுற்றியிருக்கும் அதே கண்கள், மாலை கழன்றபின்னும் ஆறு மாதம் கூடவே இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

ஆனால் டாக்டரிடம் போவோர் மிகக் குறைவு. 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் ஐகிரவுண்டு என்று எல்லோரும் சொல்லும் பாளையங்கோட்டை திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். குடி, போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய எண் 14446. வலிப்பு, குழப்பமான பேச்சு, ரத்த வாந்தி, தார் போல் கருத்த மலம், முதுகுவரை பாயும் மேல்வயிற்று வலி, தள்ளாடும் நடையோடு இரட்டைப் பார்வை, செத்துவிடலாம் என்ற பேச்சு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் 108.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள், அரிஷ்டப் பாட்டில் உட்பட, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது, கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு என்பதைத்தான். நேற்று ஒரு கட்டிங் போட்டிருந்தால் நேற்று என்றே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மருந்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.